விரைவின் விலை

விரைவு மனிதனுக்கு இயல்பாகவே இனிக்கும் ஒன்று. நடக்கக் கற்ற குழந்தை மறுநாளே ஓட முயல்கிறது. நுங்கு தின்றபின் எஞ்சிய குடுக்கைகளைக் குச்சியில் கோத்து வண்டியாக்கி உருட்டும் சிறுவன், தோழனின் வண்டியை முந்தவே விரும்புகிறான். மாட்டுவண்டிப் பந்தயத்தைக் காணச் சாலையின் இரு மருங்கிலும் ஊரே திரண்டு நிற்கிறது. காலால் நடந்த மனிதன் வண்டியைக் கண்டான். பின்னர் ரயிலைக் கண்டான். அதன்பின் வானூர்தியையும் கண்டான். தொலைவை வென்றதால் உலகம் பெற்ற நன்மை பெரிது. பாம்பு கடித்தவரை ஏற்றிக்கொண்டு 108 ஆம்புலன்ஸ் விரைந்து செல்வதாலேயே எத்தனையோ உயிர்கள் பிழைக்கின்றன. ஆதலின், விரைவைத் தீமை என்று ஒரேயடியாக ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது.

எனினும், விரைவுக்கும் ஒரு விலை உண்டு. நெடுநாள் பழகிய ஓட்டுநர் அவ்விலையை ஓரளவு அறிந்திருக்கிறார்; பயிற்சியாகிய தம் சேமிப்பிலிருந்து அதைக் கொடுக்கிறார். நேற்று ஓட்டக் கற்று இன்று சாலையில் இறங்கும் இளைஞனிடம் அச்சேமிப்பு இல்லை. அவன் விரைந்து செல்லும்போது, திருப்பிக் கொடுக்க இயலாத கடனை வாங்குகிறான். அக்கடன் சில வேளைகளில் அவனிடம் வசூலிக்கப்படுகிறது. சில வேளைகளில் அவனை நம்பி உடன் வந்தவரிடம் வசூலிக்கப்படுகிறது. சில வேளைகளில் சாலையோரம் நடந்து சென்ற வழிப்போக்கரிடம் வசூலிக்கப்படுகிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

எங்கள் ஊர் உளுந்தூர்பேட்டைக்கு அருகில், சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து உள்ளது. நான் அப்பகுதியில் நெடுங்காலம் ஆசிரியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். பதினெட்டு வயது நிரம்பியதும் ஓட்டுநர் உரிமம் பெற்று, அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி மகிழ்ந்த மாணவர் பலர். "ஐயா, எட்டுப் போட்டுவிட்டேன்!" என்று அவர்கள் சொல்லும்போது முகத்தில் தோன்றும் பெருமிதம், பள்ளித் தேர்வில் வெற்றி பெற்ற நாளிலும் தோன்றியதில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்கு நடத்தப்படும் தேர்வில், எட்டு என்னும் எண்ணின் வடிவில், காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்திக் காட்ட வேண்டும். அதனையே 'எட்டுப் போடுதல்' என்பர்.

அத்தேர்வில் ஒரு நுட்பம் அமைந்திருக்கிறது. அவ்வளவு சிறிய வளைவில் விரைந்து சென்று எவரும் தேர்ச்சி பெற முடியாது. மெல்லச் செல்லும் வண்டியைச் சாயவிடாமல் தாங்கி, வளைத்து, மீண்டும் நிமிர்த்திச் செல்வதே அங்கே கேட்கப்படும் திறமை. கைப்பிடியை முறுக்கினால் வண்டி பறக்கும். அதற்குக் கல்வியும் வேண்டா, பழக்கமும் வேண்டா. ஐந்து வயதுக் குழந்தையின் கையும் அதைச் செய்துவிடும். வண்டியைத் தன் கருத்துக்கு அடங்கி நடக்கச் செய்தலே கற்க வேண்டிய கலை. எட்டுப் போட்டுக் காட்டிய இளைஞர் சிலர், தேர்வுத் திடலைவிட்டு வெளியே வந்த அன்றே அந்தப் பாடத்தை மறந்துவிடுவதுதான் வியப்பு.

நம் நாட்டுச் சட்டம் முதலில் பழகுநர் உரிமத்தை அளிக்கிறது. அதன் காலம் 6 திங்கள். அதைப் பெற்று 30 நாள் கழிந்த பின்பே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். அதுவரையில் வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' என்னும் சிவப்பு எழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். தேர்வு முடிந்ததும் அவ்வெழுத்து கழற்றப்படுகிறது. ஆனால், அன்றோடு பயிற்சி முடிந்துவிடுகிறதா? தேர்வுத் திடலில் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்வதில்லை. எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்வதில்லை. முதல் மழைத் தூறலில் தார்ச்சாலை எண்ணெய் பூசியதுபோல் வழுக்குவதில்லை. இவற்றையெல்லாம் சாலைதான் கற்பிக்க வேண்டும். ஆகவே, உரிமம் என்பது கற்று முடித்ததற்குச் சான்று என்று கொள்வதைவிட, தனித்து நின்று கற்கத் தொடங்குவதற்கு நாடு அளிக்கும் இசைவு என்று கொள்வதே பொருந்தும்.

புதியவனுக்கும் பழகியவனுக்கும் உள்ள வேறுபாடு கைகளில் இருப்பதைவிடக் கண்களில் மிகுதியாக உள்ளது. அமெரிக்க நாட்டில் மௌரன்ட், ராக்வெல் என்னும் அறிஞர் இருவர், வண்டி ஓட்டுவோரின் கண்கள் எங்கெங்கே செல்கின்றன என்பதைக் கருவியால் பதிவு செய்து ஆராய்ந்து, 1972-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். புதிதாக ஓட்டுவோரின் பார்வை, வண்டிக்குச் சற்று முன்னே உள்ள சிறு பகுதியிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். பழகியவரின் பார்வையோ தொலைவிலும் பக்கங்களிலும் பரந்து செல்கிறது. பின்காட்டும் கண்ணாடியையும் அடிக்கடி தொட்டு மீள்கிறது.

இவ்வேறுபாட்டை நீங்கள் எளிதில் உணரலாம். முதல் வகுப்புக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, சொல்லைச் சேர்த்து, அதன்பிறகே பொருளை அறிகிறது. நீங்களோ ஒரு வரியை ஒரே பார்வையில் படித்து, அடுத்த வரியில் என்ன வரும் என்பதையும் ஊகித்துவிடுகிறீர்கள். சாலையும் ஒரு நூலே. தெருவில் ஒரு பந்து உருண்டு வந்தால், அதன்பின் ஒரு குழந்தை ஓடி வரும் என்று பழகிய ஓட்டுநர் படித்துவிடுகிறார். நிற்கும் பேருந்தின் அடியில் இரண்டு கால்கள் தெரிந்தால், அதன் முன்புறமிருந்து ஒருவர் சாலையைக் கடக்கப் போகிறார் என்று அறிகிறார். புதியவன் அந்நூலை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அதனால் அவனைக் குறை கூறுவதற்கில்லை. எல்லாரும் அவ்வாறே கற்றோம். ஆனால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையின் முன்னே பக்கங்களை விரைவாகப் புரட்டினால் அஃது எதைப் படிக்கும்? விரைவு செய்வது அதைத்தான். படிப்பதற்கு யாருக்கு மிகுதியான நேரம் வேண்டுமோ, அவனிடமிருந்தே அது நேரத்தைப் பறித்துக்கொள்கிறது.

எவ்வளவு நேரத்தைப் பறிக்கிறது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கிறது. சாலையில் ஒரு தடையைக் கண்டு, அது தடை என்று மனம் அறிந்து, கையோ காலோ பிரேக்கை அழுத்தத் தொடங்குவதற்கு விழிப்புள்ளவர்க்கும் ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. புதியவர்க்கு இன்னும் மிகுதியாகலாம். அந்த ஒரு நொடியில் வண்டி வேகம் குறையாமலே செல்கிறது. பிறகு பிரேக் பிடிக்கும்போது, நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொள்வோம். முதல் வண்டி மேலும் 10 மீட்டர் சென்று நிற்கும். ஆக, மொத்தம் 20 மீட்டர். இரண்டாம் வண்டி மேலும் 40 மீட்டர் சென்று நிற்கும். ஆக, மொத்தம் 60 மீட்டர்.

வேகம் இருமடங்கானபோது, நிற்பதற்கு வேண்டிய தொலைவு மும்மடங்காகிவிட்டது. அதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. மெல்ல வந்தவன் 20-ஆம் மீட்டரில் முற்றிலும் நின்றுவிட்டான். விரைந்து வந்தவனோ அதே 20-ஆம் மீட்டரில்தான் பிரேக்கை அழுத்தவே தொடங்குகிறான். ஒருவன் காலை ஊன்றி நிற்கும் இடத்தை மற்றவன் 72 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறான்.

அவ்வளவு வேகத்துடன் மோதினால் என்ன ஆகும்? இயங்கும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று அறிவியல் வகுப்பில் படிக்கிறீர்கள். வேகம் 2 மடங்கானால் ஆற்றல் 4 மடங்காகும். 3 மடங்கானால் 9 மடங்காகும். 36 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, சுமார் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். 72 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். அந்த உச்சியின் விளிம்பில் நிற்க நாம் அஞ்சுகிறோம். அதே வேகத்தில் வண்டியில் செல்லும்போது தரை காலுக்கு அருகில் இருப்பதால், அச்சம் தோன்றுவதில்லை. சாலைகளில் சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், உயிர்ப்பலி விபத்துகளின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு பங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதற்கும் இதுவே காரணம்.

இக்கணக்குகளை நான் வகுப்பறைக்காகப் போட்டுப் பார்க்கவில்லை. என் மாணவர் இருவரின் பொருட்டே போட்டுப் பார்த்தேன்.

அவ்விருவரும் ஒரே தெருவினர். பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர். அவர்களுள் ஒருவன் ஓட்டுநர் உரிமம் பெற்று இரண்டு திங்களே ஆகியிருந்தன. அவன் தந்தையார் அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் கிளைச்சாலை 3 கிலோமீட்டர் நீளமுடையது. உளுந்து அறுவடைக் காலத்தில், களம் போதாமையால், அச்சாலையில் சிலர் உளுந்துச் செடிகளைப் பரப்பி வைப்பது வழக்கம். செல்லும் வண்டிகளின் சக்கரங்களே அவற்றை மிதித்து மணிகளை உதிர்த்துவிடும். அது முறையான செயலன்று. எனினும் பல ஊர்களில் காணும் காட்சியே.

ஒருநாள் மாலை, அவ்விளைஞன் தன் நண்பனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஊருக்குத் திரும்பினான். ஓட்டியவன் தலைக்கவசம் அணிந்திருந்தான். பின்னால் இருந்தவன் அணியவில்லை. அவர்களுக்குப் பின்னே மற்றொரு வண்டியில் வந்தவர்கள் தங்கள் வண்டியின் வேகமுள் எழுபதைத் தொட்டும் அவர்களை நெருங்க முடியவில்லை என்று பிறகு சொன்னார்கள். சாலையில் ஒரு வளைவு. வளைவைக் கடந்ததும் உளுந்து பரப்பிய இடம். அங்கே ஒரு முதியவர், உதிர்ந்த மணிகளைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் ஓசை கேட்டு அவர் கையைத் தூக்கி எச்சரித்தார். இளைஞன் பிரேக்கை இறுக அழுத்தினான். மணிகளின் மேல் சக்கரம் வழுக்கியது. வண்டி சாய்ந்து சாலையில் தேய்ந்துகொண்டே சென்றது. பின்னால் இருந்தவன் தூக்கி எறியப்பட்டு மதகின் சுவரில் மோதினான்.

சில நாள் கழித்து நான் அவ்விடத்தை அடியளந்து பார்த்தேன். வளைவிலிருந்து உளுந்து கிடந்த இடம் ஏறத்தாழ 40 மீட்டர். மெல்ல வந்திருந்தால், வண்டி அதற்கு 20 மீட்டர் முன்பாகவே நின்றிருக்கும். வந்த வேகத்திலோ, பிரேக் பிடித்த பின்னரும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தோடு அந்த மணிகளின் மேல் ஏறியிருக்கும். காயமின்றித் தப்பிய முதியவர் இக்கணக்கை ஒரே தொடரில் சொல்லிவிட்டார். "கையைத் தூக்கினேன் ஐயா, தூக்கிய கையை இறக்குவதற்குள் வண்டி வந்துவிட்டது" என்றார்.

அடிபட்டவன் அரசு மருத்துவமனையில் பதினொரு நாள் நினைவின்றிக் கிடந்தான். அந்நாள்களில் இருவர் தாயாரும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒருவர் கொண்டுவந்த உணவை மற்றவர் வற்புறுத்தி உண்ணச் செய்வார். பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது. அன்று ஒரு தாய் அழுதார்; மற்றொரு தாய்க்கு அழும் உரிமையும் இல்லாமற்போயிற்று. இருபது ஆண்டுகளாக ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிய அவ்விரு குடும்பத்தாரும் அதன்பின் ஒருவரோடொருவர் பேசியதை நான் கண்டதில்லை. வழக்கு நடந்தது. அதற்கான செலவுக்கும், மகனுடைய காலின் அறுவைச் சிகிச்சைக்குமாக, ஓட்டியவனின் தந்தையார் தம் நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். தெருவில் எவரும் அவ்விளைஞனை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஒருவேளை அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒருநாள் அவன் என்னைக் காண வந்தான். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஐயா, அவன்தான் விரைவாகப் போகச் சொன்னான் என்று ஊரில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். என்மேல் உள்ள இரக்கத்தால் அப்படிச் சொல்கிறார்கள். அவன் அப்படிச் சொல்லவில்லை. 'மெல்லப் போ' என்றுதான் சொன்னான். நான் சிரித்தேன்" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை.

அந்தக் கிளைச்சாலை 3 கிலோமீட்டர் என்றேன். 36 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 5 நிமிடம் ஆகும். 72 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் இரண்டரை நிமிடம் போதும். எனவே, எல்லாம் நன்றாக முடிந்திருந்தாலும் அவன் அடைந்திருக்கக்கூடிய ஊதியம் இரண்டரை நிமிடமே. அன்று மாலை அவனுக்கு வீட்டில் அவசரமான வேலை எதுவும் இல்லை.

இத்தகைய துயரம் புதியதன்று. மோட்டார் வண்டியோடு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்னும் கண்ணாடி மாளிகையின் வளாகத்தில், பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் 44 வயதுப் பெண்மணி ஒரு மோட்டார் காரில் அடிபட்டு இறந்தார். பிரிட்டன் நாட்டில் மோட்டார் காரால் உயிரிழந்த முதல் பாதசாரி அவரே. காரை ஓட்டியவர் அதை ஓட்டத் தொடங்கி மூன்று வாரங்களே ஆகியிருந்தன. மணிக்கு 4 மைல் வேகத்திலேயே வந்ததாக அவர் விசாரணையில் கூறினார். நல்ல குதிரை பாயும் வேகத்தில் வந்தது என்று கண்டவர் ஒருவர் சாட்சியம் அளித்தார். தற்செயலான மரணம் என்று முடிவு கூறப்பட்டது. இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராது என்று தாம் நம்புவதாக விசாரணை அதிகாரி சொன்னாராம்.

அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தொருவர் மிகுவேகம் காரணமாக நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள். அவ்வாண்டில் 64,105 விபத்துகளுடன், விபத்து எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடே. அவ்விபத்துகளில் 17,884 உயிர்கள் மறைந்தன. உலக அளவில் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக்கு முதற்காரணம் சாலை விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் கூறுகிறது. இவை எண்களாக இருப்பதால் நாம் படித்துவிட்டுக் கடந்து செல்கிறோம். ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரம் இருக்கிறது.

'அவன் வேண்டுமென்றே செய்யவில்லையே' என்று கேட்கத் தோன்றும். இக்கேள்விக்குத் தமிழ்நாடு பழங்காலத்திலேயே விடை தேடியிருக்கிறது. திருவாரூரில் இளவரசன் ஒருவன் தேரேறிச் சென்றபோது, துள்ளி வந்த பசுங்கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது என்று பெரியபுராணம் கூறுகிறது. கன்றைக் கொல்ல வேண்டும் என்று அவ்விளவரசன் எண்ணியிருப்பானா? கன்று வந்ததையே அவன் காணவில்லை. ஆனால், தாய்ப்பசு அரண்மனை மணியை அடித்தபோது, மனுநீதிச் சோழன் தன் மகனின் எண்ணத்தை அளந்து பார்க்கவில்லை. இழந்த உயிரையே அளந்து பார்த்தான். அவன் விதித்த தண்டனை நம் காலத்திற்கு ஏற்றதன்று. ஆயினும், தேரில் ஏறியவனே தெருவுக்குப் பொறுப்பாளி என்னும் அறம் இன்றும் மாறவில்லை.

இன்றைய சட்டமும் அவ்வறத்தை ஒட்டியே செல்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் சட்டத்தின்படி, கவனமின்மையால் ஓர் உயிரைப் போக்கியவர்க்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பெற்றோரையும் கேள்வி கேட்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய காப்பாளருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்க அது வழி செய்கிறது. வண்டியின் பதிவு 12 திங்களுக்கு நீக்கப்படும். அச்சிறுவரும் 25 வயது நிரம்பும் வரையில் உரிமம் பெற இயலாது. மகன்மேல் கொண்ட அன்பினால் சாவியைக் கொடுக்கும் தந்தை, சாவியோடு பொறுப்பையும் கொடுத்தோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே! இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் வண்டியோட்டுவீர்கள். அது தவிர்க்க வேண்டியதும் அன்று; அஞ்ச வேண்டியதும் அன்று. முதல் ஓராண்டை மட்டும் மாணவப் பருவமாகவே கருதுங்கள். பகலில் பழகிய பின் இரவில் ஓட்டுங்கள். தனியே பழகிய பின் பிறரை ஏற்றிக்கொள்ளுங்கள். காய்ந்த சாலையில் பழகிய பின் மழையில் செல்லுங்கள். முன்னே செல்லும் வண்டி ஒரு மரத்தைக் கடந்ததும், மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிகளை எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் நீங்களும் அம்மரத்தை அடைந்துவிட்டால், நெருங்கிச் செல்கிறீர்கள் என்று அறிந்து பின்தங்குங்கள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, அங்கே ஒரு முதியவர் துடைப்பத்துடன் நிற்கிறார் என்றே கொள்ளுங்கள். நேரமாகிவிட்டது என்றால், ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுதலே அதற்கு மருந்து. சாலையில் அந்த ஐந்து நிமிடத்தைத் தேடாதீர்கள்.

வண்டியின் பின்னால் அமர்ந்து செல்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. நீங்களும் தலைக்கவசம் அணியுங்கள். 'மெல்லப் போ' என்று ஒருமுறை சொல்லுங்கள். ஓட்டுபவன் கேட்கவில்லையெனில் மறுமுறை உரக்கச் சொல்லுங்கள். அதற்கும் அவன் சிரித்தால், வண்டியை நிறுத்தச் செய்து இறங்கிவிடுங்கள். நட்பு ஒருநாள் பிணங்கினால் மறுநாள் கூடும். ஓட்டுபவனாக இருந்து அச்சொல்லைக் கேட்க நேர்ந்தாலோ, உடனே வேகத்தைக் குறையுங்கள். பின்னிருந்து கேட்கும் அந்தக் குரலைக் கோழையின் குரல் என்று எண்ணாதீர்கள்; தன் உயிரை உங்கள் கையில் ஒப்படைத்தவனின் குரல் அது.

மனுநீதிச் சோழன் கதை நிகழ்ந்ததாகச் சொல்லும் அதே திருவாரூரில், இன்றும் ஆழித்தேர் ஓடுகிறது. அலங்கரித்து நிற்கும்போது அதன் உயரம் ஏறத்தாழ 96 அடி. வடம் பிடித்து அதை இழுக்க ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். ஆர்வமுள்ள எவரும் வடத்தைப் பிடிக்கலாம். ஆனால், உருளும் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையை ஏந்திச் செல்பவர் மிகச் சிலர். எந்த இடத்தில், எந்தச் சக்கரத்தின் கீழ், எந்த நொடியில் கட்டையை இட வேண்டும் என்பதை அவர்களே அறிவர். தேர் நெறி தவறாமல் வீதியில் திரும்புவதும், வேண்டிய இடத்தில் நிற்பதும் அவர்கள் கைத்திறத்தாலேயே. இக்காலத்தில் அத்தேருக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பொருத்தியிருக்கிறார்கள். முட்டுக்கட்டை இடும் கலை அதனால் மறைந்துவிடவில்லை. தேரை ஓட்டுவது வடம் மட்டுமே என்று எண்ணுபவர் ஒருமுறை அவர்கள் அருகில் நின்று பார்க்க வேண்டும். நம் வண்டியில் வடமும் முட்டுக்கட்டையும் ஒருவன் கையிலேயே இருக்கின்றன. எனவே, முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்வோம். விரைவது அதன்பிறகு தானே வரும்.